நாடக முரண்நகை

ஆங்கிலத்தில் இதை டிரமாட்டிக் ஐரனி என்பார்கள். மேடையில் இருப்பவருக்குத் தெரியாத ஒரு விஷயம் பார்க்கிற நமக்குத் தெரிந்திருக்கும். அதனால் அவர் ஒன்றை நினைத்துப் பேச, நம் காதில் வேறொன்று விழும்.

ஐரனியின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. பழைய கிரேக்கத்தின் சிரிப்பூட்டும் இன்பியல் நாடகங்களில் எய்ரோன் என்றொரு பாத்திர வகை உண்டு. கெட்டிக்காரத்தனத்தை மறைத்துக்கொண்டு ஒன்றும் அறியாதவன்போல நடிப்பவன். அவனுக்கு எதிரே நிற்பவன் அலசோன், இல்லாத பெருமையை அளந்துவிடுபவன். எய்ரோனின் பாசாங்குக்கு வைத்த பெயர்தான் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ஐரனி ஆனது. நாடக விமர்சனத்தில் இன்றைய பொருள் வேரூன்றியது மிகவும் பிந்தி. கானப் தர்ல்வால் என்ற ஆங்கில அறிஞர், பழைய கிரேக்கத் துன்பியல் நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ஐரனி பற்றி 1833-இல் எழுதிய கட்டுரை அதற்கு முக்கியக் காரணம்.

ஷேக்ஸ்பியருக்கு இந்தக் கலைச்சொல் கிடைக்கவில்லை, ஆனால் வித்தை கைவந்திருந்தது. ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் மல்வோலியோ கடிதம் படிக்கும் காட்சியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒலிவியா சீமாட்டியின் வீட்டுக் காரியஸ்தர் மல்வோலியோ. பணிப்பெண் மரியா, எஜமானியின் கையெழுத்தைப்போலவே ஒரு காதல் கடிதம் எழுதி அவர் வரும் வழியில் போட்டுவிடுகிறாள். ஒலிவியாவின் உறவினர் சர் டோபியும் கூட்டாளிகளும் செடி மறைவில் ஒளிந்துகொள்கிறார்கள்.

கடிதம் கண்ணில் படும் முன்பே மல்வோலியோ கனவில்தான் இருக்கிறார். எஜமானியை மணந்து, வெல்வெட் அங்கி போட்டு, டோபியை வரவழைத்துக் கண்டிப்பதாகக் கற்பனை. அந்த டோபியோ பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! கடிதத்தில் எம், ஓ, ஏ, ஐ என்று நான்கு எழுத்துகள். வரிசை சரியாக வரவில்லை. ஆனாலும் எல்லாம் தன் பெயரில் உள்ள எழுத்துகள்தானே என்று தானே வளைத்துப் பொருள் கொள்கிறார். மரியா வலையை விரித்ததோடு சரி, காலை எடுத்து உள்ளே வைத்தது அவரேதான். அப்புறம், கடிதம் சொன்னபடியே, ஒலிவியாவுக்குக் கொஞ்சமும் பிடிக்காத மஞ்சள் காலுறையைப் போட்டுக்கொண்டு, குறுக்குப் பட்டி கட்டி, இளித்தபடி அவள் முன்னால் போய் நிற்கிறார். அவளுக்கு அவர் புத்தி பிசகிவிட்டதோ என்ற கவலை. 1602 பிப்ரவரி 2 அன்று லண்டனில் மிடில் டெம்பிள் என்ற சட்டக் கழகத்தில் இந்த நாடகத்தைப் பார்த்த ஜான் மானிங்காம் என்ற சட்ட மாணவரும், காரியஸ்தரை ஏமாற்றிய இந்தத் தந்திரத்தைத்தான் மெச்சி நாட்குறிப்பில் எழுதினார்.

தமிழில் ஐரனிக்கு முரண்நகை என்ற சொல் விமர்சனத்தில் வழங்குகிறது. சிலர் அங்கதம் என்கிறார்கள்; அது பழிப்பு, வேறு சரக்கு. வஞ்சப்புகழ்ச்சியும் பொருந்தாது. அங்கே பேசுபவருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்பது நன்றாகத் தெரியும். நகை எங்கிருந்து பிறக்கிறது என்று தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிறர் ஏற்றிவிட்டதைப் பிடித்துக்கொண்டு விடாதிருப்பதே மடன் என்பது உரைவழக்கு. மல்வோலியோவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது அது!

ஆகவே டிரமாட்டிக் ஐரனிக்கு ‘நாடக முரண்நகை’ என்றே எழுதலாம். ஆனால் இன்பியலில்தான் அந்தச் சொல் முழுதாகப் பொருந்துகிறது. சோஃபக்ளீஸின் நாடகத்தில் கொலைகாரனைச் சபிக்கும் ஈடிபஸ் மன்னன், அந்தக் கொலைகாரன் தானே என்று அறியாதபோது யாருக்குச் சிரிப்பு வரும்? அங்கே ‘நாடக முரண்’ போதும். மல்வோலியோவின் கதையிலேயே அப்படி ஓர் இடம் வருகிறது. பைத்தியம் என்று இருட்டறையில் அடைத்துவிடுகிறார்கள். கோமாளி பாதிரியார் வேடத்தில் வந்து, அறையில் வெளிச்சம் இருப்பதாகச் சாதிக்கிறான். வந்தவன் யார் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. முரண் அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது அவரிடம் வீண்பெருமை இல்லை. தனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று உண்மையைச் சொல்லி, ஒரு மெழுகுவத்தியும் பேனாவும் மையும் காகிதமும் கேட்கிறார். எனக்கு அங்கே சிரிக்க முடிவதில்லை.