'புஷ் போயிடுச்சு' என்றால் எது போயிற்று?

பழைய கார் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பார்கள்: "அண்ணே, புஷ் போயிடுச்சு." நாமும் தலையை ஆட்டிவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வருவோம். எந்தப் புஷ் என்று கேட்பதில்லை. நான் கேட்டிருந்தால் ஒரு ஜோடி டை ராடு எண்டு, அதாவது ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு, அதன் காசு மிச்சமாகியிருக்கும்.

புஷ் என்பது இரண்டு பாகங்கள் நேராக உரசாமல் நடுவில் நிற்கும் சின்னக் குழல். முதலில் சொல்லைப் பார்ப்போம். கதவில் எழுதியிருக்கும் 'தள்ளு' புஷ்ஷையும் இதையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத முடியும், ஆனால் இரண்டும் வேறு. செடிகொடியும் இல்லை, மொழிபெயர்ப்புக் கருவி இதைப் 'புதர்' என்று ஆக்கினால் சிரித்துவிட்டுப் போகலாம். இது 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போன டச்சுச் சொல். பழைய டச்சில் 'புஸ்ஸெ' என்றால் பெட்டி, டப்பா. இன்னும் பின்னால் போனால் லத்தீன் வழியாகக் கிரேக்கத்தின் 'புக்சிஸ்', அதாவது மரச்சிமிழ். நமக்குத் தெரிந்த 'பாக்ஸ்' இதற்குப் பங்காளி. டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள். துட்டும் கக்கூஸும் தமிழுக்கு வந்தது டச்சிலிருந்துதான். புஷ் மட்டும் இங்கிலாந்தைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

பெட்டி எப்படிக் காருக்குள் வந்தது என்றால், வண்டிச் சக்கரம் வழியாக. மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் மரக் குடத்தில் அச்சு நேராக உரசினால் மரம் சீக்கிரமே தேய்ந்துவிடும் என்பதால், குடத்துக்குள் ஒரு இரும்புக் குழலை இறக்கிவிடுவார்கள். அந்தக் குழல்தான் புஷ். குடம் தேயக்கூடாது, குழல் தேயலாம், தேய்ந்தால் குழலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் கும்பகோணம், மன்னார்குடி லேத் பட்டறைகளில் கடைந்து தரும் கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) புஷ்ஷும் இதே வேலையைத்தான் செய்கிறது.

காரில் இருப்பது பெரும்பாலும் ரப்பர். வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு சின்னக் குழல், நடுவில் ரப்பர், குழலுக்குள் போல்ட். ரப்பர் கிழிந்தால் இரும்பும் இரும்பும் மோதும், மேடு பள்ளத்தில் கேட்கும் 'கடக்' சத்தம் அதுதான். கும்பகோணத்திலிருந்து வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி போய்ப் பாருங்கள்: அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு, நடுநடுவே வாய்க்கால் மதகுகள். பாலம் அப்படியே நிற்கும், அதை ஒட்டிய மண் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஒவ்வொரு பாலத்திலும் ஏறும்போது ஒரு அடி, இறங்கும்போது ஒரு அடி. டெல்டாவில் புஷ் போவதற்கு வேறு காரணம் வேண்டாம்.

என்னிடம் இருப்பது பழைய மாருதி 800. மதகில் ஏறினால் கடக், பிரேக் பிடித்தால் 'டொக்' என்று ஒரே ஒரு அடி, கூடவே ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கும். ஒரு பட்டறையில் டை ராடு எண்டு இரண்டையும் மாற்றி அலைன்மென்ட்டும் பார்த்தார்கள், சத்தம் அப்படியே இருந்தது. இன்னொரு மெக்கானிக் ஜாக்கி போட்டுச் சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இல்லை, ஆக டை ராடு சரி. மேலும் கீழும் ஆட்டினார், அதிலும் இல்லை, ஆக பால் ஜாயின்ட்டும் (சக்கரப் பக்கத்துக் குமிழ் மூட்டு) பேரிங்கும் சரி. அப்புறம் லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிடித்து வைக்கும் இரும்புக் கை, வண்டியோடு சேரும் இடத்தில் கடப்பாரையை வைத்து நெம்பினார். ஆர்ம் அரை விரல் நகர்ந்தது. கழற்றிய புஷ்ஷைக் கையில் கொடுத்தார். குழல் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகச் சரிந்து, ரப்பர் பிறைபோலக் கிழிந்திருந்தது.

எல்லாச் சத்தத்துக்கும் புஷ் காரணமில்லை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஓட்டும்போது மட்டும் 'டக் டக் டக்' என்று வந்தால் அது ஆக்ஸில் ஜாயின்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு. வண்டி நிற்கும்போதே திருப்பினால் ஸ்பிரிங் 'டொய்ங்' என்று தெறித்தால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட்டைப் பார்க்க வேண்டும். சத்தம் வருகிற புஷ்ஷுக்கு எண்ணெய் விடுவது தப்பு, ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உறை' நல்ல சொல். கிணற்றில் மண் சரியாமல் உள்ளே இறக்கும் வளையத்தை இன்றும் உறை என்கிறோம், கீழடி அகழாய்விலும் உறைகிணறு கிடைத்திருக்கிறது. உள்ளே இறங்கி நின்று தாங்குவது என்ற பொருள் புஷ்ஷுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் 'ரப்பர் உறை' என்றால் கடைக்காரர் மெடிக்கல் ஷாப்புக்கு வழி காட்டுவார். அதனால் என் ஓட்டு 'உள்ளுறை'க்கு. சங்கப்பாட்டு படித்தவர்கள் உள்ளுறை உவமத்தை நினைத்துக்கொண்டு கோபப்படலாம், படட்டும்.

பட்டறையில் மட்டும் "இடது லோயர் ஆர்ம் புஷ்" என்று பக்கத்தோடு சொல்லிக் கேளுங்கள். போல்ட்டின் கடைசி முறுக்கை, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, எடை முழுக்கச் சக்கரத்தில் நிற்கும்போது போடச் சொல்லுங்கள். தொங்கும்போதே முறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், புதுப் புஷ்ஷும் சீக்கிரம் கிழிந்துவிடும்.