மைக் முன்னால் சொன்னது ஒப்பந்தம் ஆகாது

கால்பந்தில் வீரர்களை வாங்க, விற்க அனுமதிக்கும் காலம்தான் டிரான்ஸ்பர் விண்டோ. அது மூடிய மறுநாள் போன் அடித்தாலே வக்கீலான எனக்குத் திக்கென்கிறது. இந்த முறையும் ஒரு மேனேஜர்தான், அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளர். "சார், என்னைக் கேக்காமலே லெஃப்ட் பேக் பிளேயரை வித்துட்டாங்க." ஒப்பந்தத்தைப் புரட்டினேன். வாங்குவது, விற்பது பற்றி 'மேனேஜரிடம் கலந்தாலோசிக்கப்படும்' என்று ஒரே வரி. விற்பதற்கு முந்தைய இரவு கிளப்பில் வீரர்களை வாங்கி விற்பதைப் பார்க்கும் கால்பந்து இயக்குநர் வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பியிருக்கிறார். கலந்தாலோசனை முடிந்தது!

"ஆனா கடைசி முடிவு என்னோடதுன்னு சேர்மன் பிரஸ் மீட்லயே சொன்னாரே?"

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 2008-ல் இங்கிலாந்தின் நியூகாசில் கிளப்பில் மேனேஜர் கெவின் கீகனுக்கு நடந்ததைப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றும் இக்னாசியோ கொன்சாலெஸ் என்ற வீரரை வேறு கிளப்பிலிருந்து கடனில் கொண்டுவந்தார்கள். விலகி நடுவர் மன்றம் போனார். கடைசி முடிவு கீகனுடையது என்று ஊடகங்களிடம் சொன்னதெல்லாம் வெறும் விளம்பரப் பேச்சு என்று கிளப்பே அங்கே வாதாடியது. கூச்சமே இல்லை.

கீகன் ஜெயித்தாரே என்பீர்கள். ஜெயித்தார், 2009-ல். 'பிரீமியர் லீக் மேனேஜருக்கு வழக்கமாக உள்ள கடமைகள்' என்ற பொது வரிதான் அவரைக் காப்பாற்றியது. அன்றைய வழக்கம் அப்படி. இன்று பெரும்பாலான பெரிய கிளப்புகளில் வீரர் சேர்ப்பு இயக்குநர் கையில்; அதே வரி இப்போது உங்களுக்கு எதிராகவே திரும்பலாம். அவர் கேட்டது பெருந்தொகை, கிடைத்தது 20 லட்சம் பவுண்டு. ஒப்பந்தத்தில் இருந்த உச்சவரம்பு அதுதான். அப்புறம் அவர் எந்த அணிக்கும் மேனேஜராகவில்லை.

கீகன் விலகிய அதே வாரம் வெஸ்ட் ஹாம் கிளப்பிலிருந்து விலகிய மேனேஜர் ஆலன் கர்பிஷ்லிக்கு இந்த உரிமை எழுத்திலேயே இருந்தது. ஜார்ஜ் மெக்கார்ட்னி என்ற வீரரை கர்பிஷ்லியின் விருப்பத்துக்கு மாறாக விற்றார்கள், வழக்கில் தோற்றார்கள்.

இயக்குநர்களை நான் திட்டவில்லை. 2017-ல் லிவர்பூலில் மேனேஜர் யூர்கன் க்ளாப்புக்கு யூலியன் பிராண்ட் என்ற வீரர் மேல்தான் கண். முகமது சாலாவை எடுங்கள் என்று விடாமல் நின்றது விளையாட்டு இயக்குநர் மைக்கேல் எட்வர்ட்ஸின் குழு. யாருக்கு எது என்று தெளிவாக இருந்தால் சரி.

கையெழுத்துக்கு முன்னால் இதையெல்லாம் கேளுங்கள். வாங்குவது, விற்பது, கடனுக்கு விடுவது மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். 'ஆலோசனை' வேறு, 'ஒப்புதல்' வேறு. உதவிப் பயிற்சியாளர்களையும் மருத்துவக் குழுவையும் யார் நியமிப்பது, யார் நீக்குவது? உரிமை மீறப்பட்டு விலகினால் எவ்வளவு இழப்பீடு?

ஏஜெண்ட் "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அவர் கமிஷன் கையெழுத்தோடு வந்துவிடும். தயவுசெய்து அன்றைக்கே எனக்கோ வேறு வக்கீலுக்கோ ஒரு போன் போடுங்கள்.