கார்டே போடல, அப்புறம் எப்படி நாலு டிரைவ்?

பழைய மல்டி கார்டு ரீடர கம்ப்யூட்டர்ல சொருகினா உள்ள ஒரு கார்டு கூட இல்லாம நாலு டிரைவ் லெட்டர் வரிசையா வந்து நிக்கும், வைரஸோன்னு பயந்தவங்களும் உண்டு. வைரஸ்லாம் இல்ல, அதுக்குப் பேரு லாஜிக்கல் யூனிட். ஒரே காம்பவுண்டுக்குள்ள நாலு போர்ஷன் மாதிரி, யூஎஸ்பி கணக்குல ரீடருக்கு ஒரே அட்ரஸ்தான், உள்ள ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் 0, 1, 2, 3ன்னு தனி நம்பர், அதத்தான் லன் (LUN, அதாவது லாஜிக்கல் யூனிட் நம்பர்)னு சொல்றாங்க.

சொருகினதும் ஓஎஸ் மொதல்ல "உன்கிட்ட இருக்கிற பெரிய லன் நம்பர் என்ன?"ன்னு கேக்கும். பதில் ஒரே ஒரு பைட். 3ன்னு வந்தா யூனிட் நாலு, ஏன்னா எண்ணிக்கை 0லேர்ந்து ஆரம்பிக்குது. அதிகபட்சம் 15, அதாவது 16 யூனிட். ஒரே யூனிட் இருக்கிற சாதா பென்டிரைவ் இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாம மறுக்கலாம், அதுக்கு ஸ்டாண்டர்டுலயே அனுமதி இருக்கு, அப்போ ஓஎஸ் 0ன்னு எடுத்துக்கும். சில மட்டமான டிவைஸ் இந்தக் கேள்வியில தப்பா ஏதாவது உளறும், அதுக்காகவே லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல "இதுக்கு லன் 0 மட்டும் போதும்"னு சொல்ற ஒரு ஃபிளாக் வச்சிருக்காங்க.

அதுக்கப்புறம் போற ஒவ்வொரு கட்டளையும் 31 பைட் உறையில போகும், அதுல 14வது பைட்டோட கீழ் நாலு பிட்லதான் லன் நம்பர் இருக்கும். உறைக்குள்ள இருக்கறது ஸ்கஸி கட்டளை, 1980கள்ல ஹார்டு டிஸ்க்குக்காக வந்த அதே மொழி. ஒவ்வொரு லன் கிட்டயும் நீ யாருன்னு கேட்டா 0ன்னு வந்தா டிஸ்க், 5ன்னு வந்தா சிடி டிரைவ். 3ஜி டாங்கிள் சொருகினப்ப சாஃப்ட்வேரோட ஒரு சிடி டிரைவும் மெமரி கார்டு டிரைவும் சேர்ந்து வந்துச்சே, அது இந்த வேலைதான், நெஜமா சிடி எதுவும் கிடையாது. காலி ஸ்லாட்டா இருந்தா "மீடியா இல்ல"ன்னு பதில் வரும் ஆனா யூனிட் இருக்கறது இருக்கறதுதான், அதனால விண்டோஸ் லெட்டர் குடுத்துடும் (விண்டோஸ் 7லேர்ந்து காலி டிரைவ மறைச்சு வைக்குது).

லினக்ஸ்ல இதயே 6:0:0:0, 6:0:0:1ன்னு பாக்கலாம், கடைசி எண்தான் லன்.

பார்ட்டிஷனோட இத குழப்பிக்காதீங்க. பார்ட்டிஷன்ங்கறது ஒரே டிஸ்க்க நாம பிரிச்சுப் போடுறது, அழிச்சு மாத்தலாம், லன் டிவைஸோட ஃபர்ம்வேர் (டிவைஸுக்குள்ளயே பதிஞ்சிருக்கிற புரோகிராம்) சொல்றது, ஃபார்மேட் பண்ணாலும் போகாது. ஒரு கார்ட மட்டும் எடுக்கணும்னா அந்த டிரைவ மட்டும் எஜெக்ட் பண்ணுங்க, சேஃப்லி ரிமூவ்ல மொத்த ரீடரையும் கழட்டச் சொன்னா, பக்கத்து ஸ்லாட்ல காப்பி ஓடிட்டு இருந்தா விண்டோஸ் விடாது.