ஆர்ஜிதம்

திருநெல்வேலிப் பக்கம் பழைய பத்திரங்களைப் பிரித்தால் ‘சுயார்ஜிதம்’ என்ற சொல் கண்ணில் படும். பாட்டன் வழியில் வராமல், தானே உழைத்து வாங்கிய சொத்து என்று பொருள். அப்படி வாங்கிய வயலைச் சாலைக்கு எடுத்தால் அதற்கும் பெயர் ஆர்ஜிதம்தான், நில ஆர்ஜிதம். சேர்த்ததற்கும் அது கைவிட்டுப் போனதற்கும் ஒரே சொல்.

வடமொழியில் ‘அர்ஜித’ என்றால் ஈட்டப்பட்டது. சுயார்ஜிதத்தில் ஈட்டியவர் உழவர்; நில ஆர்ஜிதத்தில் ஈட்டுவது அரசு. நிலத்தை இழந்தவர் அந்தச் சொல்லில் எங்குமே இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

எங்கள் ஆச்சி ‘வயக்காட்டைச் சர்க்காருல எடுத்துட்டாவ’ என்றுதான் சொல்வாள். வருவாய்த் துறைப் பலகையிலும் இன்று ‘தனி வட்டாட்சியர் (நிலமெடுப்பு)’ என்று இருக்கிறது. ஆச்சியின் எடுப்பும் அலுவலகத்தின் எடுப்பும் ஒன்றே. பத்திரிகைகள் எழுதும் ‘கையகப்படுத்தல்’ சற்று நீளம். ஆனால் நிலம் அல்லாத சொத்துக்கும் பொருந்தும். பறிமுதல் வேறு: அது குற்றத்தை ஒட்டி வருவது, இழப்பீடு கிடையாது. அரபு மூலமுள்ள ஜப்தி, கடனுக்காக நீதிமன்றம் பிடித்துவைப்பது.

சரி, அரசு நினைத்தால் எடுத்துவிட முடியுமா? அரசியலமைப்பின் 19, 31ஆம் பிரிவுகளில் சொத்துரிமை முதலில் அடிப்படை உரிமையாகவே இருந்தது. 1978இன் 44ஆவது திருத்தம் அதை அங்கிருந்து நீக்கி, 300ஏ என்ற புதிய பிரிவில் வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். உரிமை ஒரு படி இறங்கியது உண்மை, ஆனால் செத்துவிடவில்லை. வெறும் வாய் உத்தரவை வைத்துக்கொண்டு வரப்பில் பொக்லைனை இறக்க முடியாது. முன்கூட்டியே அறிவிப்பு தர வேண்டும், ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும், காரணம் காட்டி முடிவு சொல்ல வேண்டும், பொது நோக்கம் இருக்க வேண்டும், நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை விரித்துச் சொன்னது.

‘நஷ்டஈடு’ போய் ‘இழப்பீடு’ வந்ததும் நல்லதே. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், கணக்கிட்ட இழப்பீட்டுக்குச் சமமாக இன்னொரு மடங்கை ‘ஆறுதல் தொகை’யாகத் தரச் சொல்கிறது. ஆர்ஜிதத்தில் இல்லாத அந்த உழவர் இந்த இரண்டு சொற்களிலும் இருக்கிறார்.