இசக்கிமுத்து ஏன் ‘இசைக்கு முத்து’ ஆகிறார்

பத்தமடைக் கோரைப்பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து தருவது நெல்லைச் சீமையின் கல்யாண வழக்கம். அச்சடித்த பெயர் அல்ல. சாயமேற்றிய கோரை தறியில் ஓட ஓட எழுத்தும் கூடவே விழுகிறது. ஓர் எழுத்து தப்பிவிட்டால் அழித்துத் திருத்த வழியில்லை, பாயே வீண். இப்படிப்பட்ட ஆர்டர் இப்போது வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகவும் வருகிறது:

“அக்கா, எங்க தம்பிக்கு வைகாசியில கல்யாணம். மாப்ள பேரு இசக்கிமுத்து, பொண்ணு பேரு பேச்சியம்மா. பேரு போட்ட பாய் ஒண்ணு வேணும், ஆறுக்கு நாலு. ரூவா இன்னைக்கே அனுப்புதேன். வள்ளியூர் பஸ்ல போட்டு விட்டியன்னா நாங்க வாங்கிக்கிடுதோம்.”

இருபது நொடிப் பேச்சு. இதைக் கேட்டு, பெயர், அளவு, தேதி, ஊர் என்று பிரித்தெழுதி, பதிலையும் தயாராக வைக்கும் மென்பொருள் உதவியாளர்கள் வந்துவிட்டன. தறியையும் கடையையும் ஒருவரே பார்க்கும் இடத்தில் இது பெரிய கைத்தாங்கல்தான். ஆனால் அது எப்படிக் கேட்கிறது என்று தெரியாமல் வேலையை ஒப்படைத்தால், ‘இசைக்கு முத்து’ என்று பாய் இறங்கக்கூடும்.

குரல்பதிவு முதலில் எண்களாகிறது. ஒலியலையின் உயரத்தை நொடிக்கு 16,000 முறை அளந்தால் இருபது நொடிக்கு 3,20,000 எண்கள். இவற்றை 25 மில்லிநொடி அகலமுள்ள துண்டுகளாக, 10 மில்லிநொடிக்கு ஒன்று என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வெட்டுகிறார்கள். ஏறக்குறைய 2,000 துண்டுகள் வரும். ஒவ்வொரு துண்டிலும் தாழ்ந்த ஒலி எவ்வளவு, கீச்சொலி எவ்வளவு என்று 80 பட்டைகளாகப் பிரித்து அளக்கிறார்கள். இந்த இடத்தில் பேச்சு ஒரு படமாகிவிடுகிறது: கிடையாக நேரம், நெடுக்காகச் சுருதி, புள்ளியின் அடர்த்தியே ஒலியின் வலு. ஓபன்ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மாதிரி (மாடல்) இப்படித்தான் வேலை செய்கிறது.

படத்தைப் பார்த்து எழுத்தாக்கும் பகுதி, எழுத்துக்கு எழுத்து காதில் விழுந்ததை எழுதுவதில்லை. இதுவரை எழுதியதையும் படத்தையும் சேர்த்து வைத்து, அடுத்து வரக்கூடியது எது என்று ஒவ்வொரு துண்டுச் சொல்லுக்கும் ஒரு வாய்ப்பெண் போடுகிறது. ஒலி தெளிவாக இருந்தால் ஒலி ஜெயிக்கும். பின்னால் பஸ் ஹார்ன் அடித்தாலோ, பேசுகிறவர் விழுங்கிப் பேசினாலோ, பழக்கம் ஜெயிக்கும். ‘இசை’ என்ற சொல்லை அது ஆயிரக்கணக்கான முறை பார்த்திருக்கும்; ‘இசக்கி’யை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கும். சுடலை, மாசானம், பேச்சி, உச்சிமாகாளி என்று நம் குலதெய்வப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். விஸ்பரின் முதல் பதிப்பு 6,80,000 மணி நேரப் பேச்சில் பயின்றது. அதில் ஆங்கிலமல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்தே 1,17,000 மணி நேர எழுத்துப்படிகள்தான் இருந்தன. அந்தப் பங்கிலும் ‘அனுப்புதேன்’, ‘வாங்கிக்கிடுதோம்’, ‘அவிய வாராவ’ என்ற நம் பேச்சு எவ்வளவு சிறுபான்மையாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ‘அனுப்புகிறேன்’ என்பதற்கு ‘அனுப்புதேன்’ என்னும் நெல்லை வழக்கைப் பிழை என்று எண்ணி அது ‘திருத்தி’விடும். ஆர்டருக்கு அதனால் பெரிய கேடில்லை. அதே கை பெயரையும் திருத்தும்போதுதான் கேடு.

எழுத்தைக் கணினி வைத்துக்கொள்ளும் விதமும் இதில் சேர்கிறது. எழுத்தை எண்ணாக்கிச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற பொதுமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனிக் குறி. ‘இசக்கிமுத்து’ 12 குறி, ஆக 36 பைட். அதையே ஆங்கில எழுத்தில் தட்டினால் 11 பைட்தான். மொழி மாதிரிகள், அதாவது சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இருந்து எழுதுபவை, உரையைச் சிறு துண்டுகளாக உடைத்தே படிக்கின்றன. பயிற்சியில் அடிக்கடி வராத தமிழ்ச்சொல் பல துண்டாகச் சிதறும். துண்டு கூடக்கூட நேரமும் காசும் கூடும், ஒவ்வொரு துண்டிலும் தப்பு நேர இடமும் கூடும். புதிய மாதிரிகளில் இந்தச் சிதறல் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

இதற்கு ஒரு கைமருந்து உண்டு. கேட்கும் மென்பொருள் பலவற்றில் முன்கூட்டியே ஒரு சொற்பட்டியல் கொடுக்கலாம். கடையில் அதிகம் புழங்கும் சில சொற்களை மட்டும் அதில் இடுங்கள்: பாயின் வகைகள், அடிக்கடி வரும் பெயர்கள், சேரன்மகாதேவி, களக்காடு, திசையன்விளை என்று பார்சல் போகும் ஊர்கள். பட்டியலில் உள்ள சொல்லின் வாய்ப்பெண் ஏறும்; ‘இசக்கி’க்கு ‘இசை’யோடு மோத ஒரு பலம் கிடைக்கும். முந்நூறு சொல்லைக் கொட்டிவிடாதீர்கள். விஸ்பர் இந்த முன்குறிப்பின் கடைசி 224 எழுத்துத் துண்டுகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும், தமிழ்ச்சொல் ஒன்றே பல துண்டாகும், முன்னால் உள்ளவை உதிர்ந்துவிடும்.

எண்கள் தனிப் பிரச்சினை. ‘அரை’யும் ‘ஆறு’ம், ‘தொண்ணூறு’ம் ‘தொள்ளாயிரமு’ம் இரைச்சலில் ஒன்றுபோல ஒலிக்கும். இரண்டுமே சாதாரணச் சொற்கள் என்பதால் பழக்கமும் கைகொடுக்காது. அரை கிலோ கருப்பட்டி கேட்டவருக்கு ஆறு கிலோ கட்டிவிடுவது இப்படித்தான். மௌனமும் ஆபத்து: பேசி முடித்தும் பட்டனை அழுத்தியபடி இருந்தால், அந்த வெறும் நொடிகளில் ‘பார்த்ததற்கு நன்றி’ என்பதுபோல யாரும் சொல்லாத வாக்கியத்தை மாதிரி எழுதிவிடுவதுண்டு. வீடியோ வசனங்களில் பயின்றதன் எச்சம் அது. பேச்சில்லாத இடத்தை முதலிலேயே வெட்டிவிடும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எழுத்தான பேச்சு அடுத்து மொழி மாதிரியிடம் போகிறது. ஆர்டர் விவரத்தைப் பிரித்தெடுப்பது அதற்குக் கைவந்த கலை. ஆனால் அதற்குக் கொடுக்கும் கட்டளையில் ‘சொல்லாத விவரத்துக்குத் தெரியவில்லை என்று எழுது’ என்ற வரி கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் காலியான கட்டத்தை நிரப்பும் பழக்கத்தில் பின்கோடு எண்ணைக்கூடத் தானே போட்டுவிடும். இன்று என்ன தேதி என்பது அதற்குத் தானாகத் தெரியாது. மென்பொருள் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘வைகாசி பத்து’ என்றால் ஆங்கிலத் தேதியைக் குத்துமதிப்பாகச் சொல்லும், ஒருநாள் முன்பின் போகலாம். வாடிக்கையாளரிடமே ஆங்கிலத் தேதியைக் கேட்பதுதான் சரி.

கணக்கும் அப்படியே. 3,450 ரூபாய்ப் பாய் 17 வேண்டும் என்றால் 58,650. மொழி மாதிரி இதைப் பெருக்கிப் பார்ப்பதில்லை. அடுத்த இலக்கத் துண்டு எது என்று ஊகிக்கிறது. பெரும்பாலும் சரியாக வரும், சில சமயம் நடு இலக்கம் பிசகும். நல்ல உதவியாளரில் மாதிரி பெருக்காது. ‘விலைப்பட்டியலில் இந்தப் பாயைப் பார், 17-ஆல் பெருக்கு’ என்று ஒரு கோரிக்கையை மட்டும் எழுதும். சாதாரண நிரல் ஒன்று அட்டவணையைத் திறந்து கணக்குப் போட்டு விடையைத் தரும், மாதிரி அதை வாக்கியத்தில் வைக்கும். வாங்குமுன் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: விலையும் இருப்பும் அட்டவணையிலிருந்து வருகிறதா, மாதிரியின் வாயிலிருந்து வருகிறதா?

உண்மையில் பல கடைகளுக்கு முதல் மாதத்தில் செயற்கை நுண்ணறிவே தேவையில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் புதிதாக எழுதுகிறவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப எழுதுகிறவருக்கும் தானாக வரவேற்புச் செய்தி போகும்படி வைக்கலாம். 50 வரை குறும்பதில்களைச் சேமிக்கலாம். ‘பணம் வந்தது’, ‘தறியில்’, ‘பஸ்ஸில் ஏற்றியாச்சு’ என்று லேபிள் ஒட்டலாம். இவை ஊகிப்பதில்லை, எழுதியதை எழுதியபடி சொல்லும். உதவியாளர் மென்பொருளை வாட்ஸ்அப்போடு நேரடியாக இணைக்கும், பெரிய வணிகத்துக்கான ஏபிஐ வழியில் போனால் ஒரு விதி உண்டு: வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், வாட்ஸ்அப்பிடம் முன் அனுமதி பெற்ற வார்ப்புச் செய்தி (டெம்ப்ளேட்) மட்டுமே அனுப்ப முடியும். ‘பாய் தயார்’ என்ற செய்தி சில வாரம் கழித்துத்தான் போகும் என்பதால், அதற்கான வார்ப்பை முதலிலேயே அனுமதி வாங்கி வையுங்கள்.

கடைக்காரர் அல்லாமல் ஆபீஸ் வைத்திருப்பவர்களும் இதைப் பயன்படுத்தலாம். பாளையங்கோட்டை ஆடிட்டருக்குக் கணக்கு வேறு. மாதக் கணக்கு தாக்கல் செய்பவர்களின் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 மறுமாதம் 11-க்குள், வரி கட்டும் சுருக்கக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி 20-க்குள். தேதியை நினைவூட்ட நாட்காட்டியே போதும். பில் அனுப்பாத ஒவ்வொருவருக்கும் அவரவர் பாக்கியைச் சொல்லிப் பணிவாக ஒரு கடிதம் வரைவது உதவியாளரின் வேலை. வக்கீல்கள் மனுவைச் சுருக்கவும் மொழிபெயர்க்கவும் தாராளமாகப் பயன்படுத்தலாம், தீர்ப்பு மேற்கோள் தேட மட்டும் வேண்டாம். இல்லாத வழக்குகளை மாதிரி உருவாக்கிக் கொடுத்ததை அப்படியே தாக்கல் செய்த நியூயார்க் வக்கீல்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கட்சிக்காரரின் பான் எண்ணையும் நோயாளியின் சீட்டையும் இலவச ஆப்பில் ஒட்டக்கூடாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டம் தகவலை வாங்கி வைத்திருப்பவரையே பொறுப்பாக்குகிறது.

வாங்குமுன் சோதிக்கப் பழைய குரல்பதிவு ஐம்பதை எடுத்து ஓடவிடுங்கள். விற்பவர் சொல்லும் ‘சொற்பிழை விகித’த்தை நம்ப வேண்டாம். நாற்பது சொல்லில் ஒன்று தப்பினால் 2.5 சதவீதம், கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த ஒரு சொல் மாப்பிள்ளை பெயராக இருந்தால் பாய் போச்சு. பெயர், எண்ணிக்கை, அளவு, தேதி, ஊர் இந்த ஐந்தை மட்டும் எண்ணுங்கள். ஐம்பதில் எத்தனை பதிவில் ஐந்தும் சரி? பிறகு பதிலைத் தானாக அனுப்பும் சுவிட்சை அணைத்து, வரைவை மட்டும் காட்டும்படி வையுங்கள். வாடிக்கையாளருக்குப் போகும் முதல் பதில், தான் கேட்டதைத் திருப்பிச் சொல்வதாக இருக்கட்டும்: “இசக்கிமுத்து – பேச்சியம்மா. ஆறடிக்கு நாலடி, ஒரு பாய். வள்ளியூர் பஸ். சரிதானா அண்ணாச்சி? கல்யாணப் பத்திரிகையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.” பத்திரிகையில் இருக்கும் எழுத்தைப் பார்த்தே தறிக்குப் பெயர் போக வேண்டும். பாய் கைக்குப் போய்ச் சேரும்வரை குரல்பதிவையும் போட்டோவையும் அழிக்காமல் வைத்திருந்தால், பின்னால் யார் சொன்னது எது என்ற பேச்சுக்கே இடமிருக்காது.