ஊழியா, யுகமா, சகாப்தமா? காலம் குறிக்கும் ஐந்து ஆங்கிலச் சொற்கள்

'ஜுராசிக் காலம் என்பது மீசோசோயிக் காலத்தின் நடுவில் வரும் காலம்.' அறிவியல் மொழிபெயர்ப்புகளில் இதைப் போன்ற வாக்கியங்களை அடிக்கடி பார்க்கிறோம். மூலத்தில் ஜுராசிக் ஒரு பீரியட், மீசோசோயிக் ஓர் ஈரா. எது பெரியது, எது எதற்குள் அடங்கியது என்பது ஆங்கில வாசகருக்குச் சொல்லிலேயே விளங்கிவிடுகிறது. தமிழ் வாசகர் மூன்று 'காலம்'களுக்கு நடுவே திகைத்து நிற்கிறார்.

பீரியட் (period), ஏஜ் (age), ஈரா (era), எபோக் (epoch), ஈயான் (eon) ஆகிய ஐந்துக்கும் நாம் காலம், சகாப்தம், யுகம் என்ற மூன்றையே மாற்றி மாற்றிப் போட்டு வருகிறோம். தமிழில் சொற்பஞ்சம் இருப்பதால் இப்படி நேரவில்லை. இருக்கும் சொற்களின் பொருளைப் பார்த்துப் பங்கிட்டுக் கொடுக்காததால் நேர்ந்தது. பேச்சு வழக்கில் ஆங்கிலேயர்களே இந்த ஐந்தையும் கலந்துதான் பயன்படுத்துகிறார்கள். அங்கே கறார் காட்டத் தேவையில்லை. நிலவியல், வானியல், கணினி, வரலாறு என்று வரும்போதுதான் ஒவ்வொரு சொல்லும் தன் பழைய பொருளுக்குத் திரும்பிவிடுகிறது. அந்தப் பழைய பொருளிலிருந்தே தொடங்க வேண்டும்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் எபோக். கிரேக்கத்தில் எபொகே என்றால் நிறுத்தம், நிலைநிறுத்திய இடம் என்று பொருள். ஆகவே, அடிப்படையில் இது நீண்டு கிடக்கும் காலத்தைக் குறிக்கும் சொல்லே கிடையாது. எண்ணிக்கை தொடங்கும் ஒரு புள்ளி. வானியலாளர்கள் இன்றும் அந்தப் பொருளில்தான் ஆள்கிறார்கள். பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிட்டுத் திரும்புவதால், விண்மீன்களின் ஆயங்கள், அதாவது வானில் அவற்றின் இடத்தைக் குறிக்கும் எண்கள், மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். எந்தக் கணத்துக்கு உரிய ஆயம் என்று சொல்லாமல் ஒரு விண்மீனின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க முடியாது. இப்போதைய அட்டவணைகள் பெரும்பாலும் 2000 ஜனவரி 1 நண்பகலை அந்தக் கணமாகக் கொள்கின்றன. அந்த நண்பகல்தான் எபோக்.

கணினியிலும் இதே கதைதான். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவு 0 மணி முதல் நொடிகளை எண்ணிக்கொண்டு வருகின்றன. ஒரு கோப்பின் தேதி அழிந்துபோனால் திரையில் திடீரென்று '1970 ஜனவரி 1' என்று காட்டுவது இதனால்தான். எண்ணிக்கை சுழியத்துக்குப் போய்விட்டது. சுழியத்தின் பெயர் அந்தத் தேதி. பழைய 32 பிட் முறையில் இந்த எண்ணிக்கை 2,14,74,83,647 நொடிகளுக்கு மேல் போக முடியாது. 2038 ஜனவரி 19, உலகப் பொது நேரம் 03:14:07 மணிக்கு அந்த எல்லையைத் தொடும்.

இந்தக் கருத்து இந்திய வானியலுக்குப் புதிதன்று. கலியுகத் தொடக்கமாகக் கொள்ளப்பட்ட பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 3102 பிப்ரவரியிலிருந்து கடந்த நாட்களை எண்ணி, அந்த நாள்தொகையை அகர்கணம் என்று அழைத்தார்கள். அதை வைத்தே கோள்களின் இடத்தைக் கணித்தார்கள். கலியில் 3,600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்று ஆரியபட்டர் எழுதியதால்தான், அது பொ.ஆ. 499 என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. கலியுகம் என்பது யுகத்தின் பெயர். கலியின் முதல் நாளோ எபோக். இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தால் கணக்கே குழம்பிவிடும்.

எனவே வானியலிலும் கணினியிலும் எபோக் வந்தால் தொடக்கப்புள்ளி, தொடக்கக் கணம் என்று எழுதுவதே சரி. 'எபோக் மேக்கிங்' என்ற அடைமொழியை 'சகாப்தம் படைத்த' என்று பெயர்ப்பதும் எனக்கு உடன்பாடில்லை. புதிய எண்ணிக்கை ஒன்றைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு என்பதே அதன் கருத்து. 'திருப்புமுனையான' என்று எழுதினால் பொருள் நேராக வந்து சேர்கிறது. இதில் ஒரு விலக்கு உண்டு. இயந்திரக் கற்றலில், பயிற்சித் தரவு முழுவதையும் ஒருமுறை கடந்து முடிப்பதை எபோக் என்கிறார்கள். அங்கே தொடக்கப்புள்ளி பொருந்தாது. 'பயிற்சிச் சுற்று' என்றால் போதும்.

தொடக்கப்புள்ளியிலிருந்து ஓடும் ஆண்டுக்கணக்கு ஈரா. இலத்தீனில் செம்பு, வெண்கலத்தைக் குறிக்கும் ஈஸ் என்ற சொல்லின் பன்மை ஈரா. உலோகத்திலிருந்து எண்ணும் வில்லைக்கும், வில்லையிலிருந்து எண்ணிக்கைக்கும், எண்ணிக்கையிலிருந்து ஆண்டுக்கணக்குக்கும் அதன் பொருள் நகர்ந்தது. பொ.ஆ.மு. 38இல் தொடங்கும் ஓர் ஆண்டுமுறை ஸ்பானியப் பகுதிகளில் பல நூற்றாண்டுகள் வழங்கியது. அதற்குப் பெயரே ஈராதான். போர்ச்சுகல் அதை 1422இல்தான் கைவிட்டது.

இங்கே சகாப்தம் என்ற சொல்லுக்கு உரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். சக, அப்தம் என்று அதைப் பிரிக்கலாம். அப்தம் என்றால் ஆண்டு. சகாப்தம் என்றால் சக ஆண்டு. பொ.ஆ. 78இல் தொடங்கும் ஒரு குறிப்பிட்ட ஆண்டுமுறையின் பெயர் அது. கல்வெட்டுகளில் சகாப்தம் இத்தனை என்று வருவது இந்தக் கணக்குதான். அந்தச் சிறப்புப்பெயரே பிறகு பொதுப்பெயராக விரிந்து, 'ஒரு சகாப்தம் முடிந்தது' என்று தலைவர்களின் மறைவின்போது எழுதும் அளவுக்கு வந்துவிட்டது. ஆண்டுக்கணக்கைக் குறித்த சொல் நெடிய காலப்பகுதியைக் குறிக்க வந்த இந்தப் பாதை, ஈரா நடந்த அதே பாதை. ஆகவே வரலாற்று நடையில் ஈராவுக்குச் சகாப்தம் மிகப் பொருத்தமான இணை. ஆனால் ஆண்டுமுறைகளைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இதைப் பொதுச்சொல்லாக ஆளக்கூடாது. 'ஹிஜ்ரி சகாப்தம் 622இல் தொடங்குகிறது' என்று எழுதினால், ஹிஜ்ரி சக ஆண்டு என்று எழுதியதாகிவிடும். அங்கே 'ஆண்டுமுறை' அல்லது 'தொடராண்டு' போதும்.

பீரியட் வேறு குடும்பம். கிரேக்கத்தில் பெரி என்றால் சுற்றி, ஹொடோஸ் என்றால் வழி. சுற்றி வந்து சேரும் வழி என்பது அதன் வேர்ப்பொருள். ஹாலி வால்வெள்ளி சுமார் 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. 1986இல் வந்தது, அடுத்து 2061இல் வரும். அந்த 76 ஆண்டுகள் அதன் பீரியட். நம் பாடநூல்கள் இதைச் சுற்றுக்காலம் என்றும், ஊசலுக்கு வரும்போது அலைவுநேரம் என்றும் அழகாகப் பிரித்திருக்கின்றன. தனிமங்களின் பண்புகள் குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருவதால் அந்த அட்டவணைக்கும் இதே சொல். இலங்கைத் தமிழில் அதை ஆவர்த்தன அட்டவணை என்கிறார்கள். மீண்டும் வருதல் என்ற கருத்து அந்தப் பெயரில் முழுதாக இருக்கிறது. தனிம வரிசை அட்டவணை என்ற பெயரில் வரிசைதான் தெரிகிறது, திரும்பி வருதல் தெரியவில்லை.

மீள்வதை விட்டுவிட்டு, முதலும் முடிவும் உள்ள காலத்துண்டு என்ற பொருளிலும் பீரியட் வழங்குகிறது. அங்கெல்லாம் தமிழ் தயங்கவே இல்லை. வகுப்பறையில் பாடவேளை, புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்குத் தகுதிகாண் பருவம், பெண்ணின் உடலில் மாதவிடாய். சூழல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லைக் கண்டுபிடித்து நிலைக்க வைத்திருக்கிறோம். இதே அக்கறை மற்ற நான்குக்கும் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஏஜ், ஈயான் இரண்டும் உடன்பிறப்புகள். ஏஜ் பிரெஞ்சு வழியாக இலத்தீனத்தின் ஈவும் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஈயான் கிரேக்கத்தின் ஐயோன். இரண்டுக்கும் மூலமான இந்தோ-ஐரோப்பிய வேர் உயிராற்றல், நெடுவாழ்வு ஆகியவற்றைக் குறித்தது. வடமொழியின் ஆயுஸ் அதே வேரில் பிறந்தது. நாம் நாள்தோறும் சொல்லும் ஆயுள் என்ற சொல் அப்படி ஏஜுக்கு ஒன்றுவிட்ட உறவாகிறது. ஒரு வாழ்நாளின் அளவாகத் தொடங்கியதால்தான் ஏஜ் வயதையும் குறிக்கிறது, காலத்தையும் குறிக்கிறது. தனி மனிதருக்கு வயது, அகவை, பருவம். சமூகத்துக்கு வரும்போது அந்தக் காலத்தை ஆண்ட பொருளின் பெயரோடு சேர்ந்து வரும். டென்மார்க்கின் தொல்லியலாளர் தாம்சன் அருங்காட்சியகப் பொருட்களைக் கல், வெண்கலம், இரும்பு என்று வகுத்து 1836இல் வெளியிட்டார்; அங்கிருந்து வந்தவையே கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம். இங்கே 'காலம்' குறை வைக்காத சொல். பனிக்காலம் என்பதுதான் இடறுகிறது. முன்பனி, பின்பனி என்று ஆண்டுதோறும் வரும் பருவத்தை ஏற்கெனவே அது குறிக்கிறது. ஐஸ் ஏஜுக்குப் பனியூழி என்றால் குழப்பம் தீரும்.

ஊழி என்ற சொல்லை இத்தனை நேரம் எடுக்காமல் வைத்திருந்தேன். ஊழ் என்பதற்கு முறை, முதிர்தல், மலர்தல் என்ற பொருள்கள் உண்டு. அதிலிருந்து வந்த ஊழி, முதிர்ந்து முடியும் நெடுங்காலம். 'ஊழி பெயரினும் தாம்பெயரார்' என்று வள்ளுவர் சான்றோரைச் சொல்லும்போது, உலகமே நிலைமாறும் முடிவைச் சுட்டுகிறார். ஊழித்தீ, ஊழிவெள்ளம், ஊழிக்கூத்து எல்லாம் அழிவோடு சேர்ந்தே வருகின்றன. அழிவின் வாடை அடிக்கிறதே, அறிவியல் நூலுக்கு இது ஆகுமா என்று சிலர் தயங்கலாம். நிலவியலில் ஈராக்களின் எல்லை எங்கே விழுகிறது என்று பாருங்கள். பேலியோசோயிக் முடிந்து மீசோசோயிக் தொடங்கும் எல்லை, 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்வாழ் இனங்களில் பெரும்பகுதியைத் துடைத்தழித்த பேரழிவு. மீசோசோயிக் முடிந்து சீனோசோயிக் தொடங்கும் எல்லை, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியதை ஒட்டி டைனோசார்கள் மறைந்த பேரழிவு. ஊழி பெயர்ந்த இடங்களில்தான் ஈராவும் பெயர்ந்திருக்கிறது. நிலவியலின் ஈராவுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எந்த மொழியிலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

நிலவியலில் பெரியதிலிருந்து சிறியதற்கு ஈயான், ஈரா, பீரியட், எபோக், ஏஜ் என்று வரிசை இறங்குகிறது. இவற்றுக்கு முறையே பேரூழி, ஊழி, காலம், காலப்பிரிவு, காலக்கூறு என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. இன்று நாம் வாழும் இடத்தை இந்த வரிசையில் சொல்லிப் பார்க்கலாம். பெனரோசோயிக் பேரூழி, சீனோசோயிக் ஊழி, குவாட்டர்னரி காலம், ஹோலோசீன் காலப்பிரிவு, மேகாலயன் காலக்கூறு. கடைசிப் பெயர் மேகாலயா மாநிலத்தின் பெயர்தான். அங்குள்ள மாம்லூ குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த ஒரு கசிதுளிப் படிவின் ஆக்சிஜன் அளவீடுகளில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பலவீனமடைந்ததன் தடம் பதிந்திருக்கிறது. அந்தத் தடத்தையே எல்லைக்கோடாகக் கொண்டு 2018இல் இந்தக் காலக்கூறு அறிவிக்கப்பட்டது. முதலில் எழுதிய வாக்கியத்தை இப்போது 'ஜுராசிக் காலம் மீசோசோயிக் ஊழியின் நடுப்பகுதி' என்று எழுதலாம்.

இந்தப் படிநிலை வெறும் சொல்லழகுக்கு ஆனதன்று என்பதை ஆந்த்ரோபோசீன் விவாதம் காட்டியது. மனிதச் செயல்கள் பூமியை மாற்றிவிட்டதால் இன்றைய காலத்துக்கு ஆந்த்ரோபோசீன் என்ற புதிய பெயர் வேண்டும் என்று 2000இல் அறிவியலாளர்கள் குருட்சனும் ஸ்டோமரும் எழுதினார்கள். 'சீன்' என்ற ஈறு, புதிய என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; சீனோசோயிக் ஊழியின் எபோக்குகள் எல்லாவற்றுக்கும் அதுதான் ஈறு. ஆகவே அந்தப் பெயரே எபோக் தகுதியைக் கோரியது. கனடாவின் கிராஃபோர்டு ஏரிப் படிவுகளைச் சான்றாக வைத்து முன்மொழிவு வந்தது. 2024இல் நிலவியலாளர்கள் அதை நிராகரித்தார்கள். மனிதத் தாக்கத்தை அவர்கள் மறுக்கவில்லை. எபோக் என்ற தகுதியைத்தான் மறுத்தார்கள். அதை எபோக்காகக் கொள்ளாமல், நீண்டகாலமாக நடந்துவரும் நிகழ்வாகக் கொள்ளலாம் என்பது மாற்றுக் கருத்து. இதை 'மனித யுகம்' என்றோ 'மானிட ஊழி' என்றோ தமிழில் எழுதும்போது, முன்மொழிந்தவர்களே கேட்காத தகுதியை நாம் கொடுத்துவிடுகிறோம். ஊழி என்றால் இரண்டு படி மேலே ஏற்றிவிடுகிறோம். முன்மொழிவைப் பற்றி எழுதுபவர் 'மானிடக் காலப்பிரிவு' என்று எழுதலாம். மாற்றுக் கருத்தை எழுதுபவருக்கு 'மானிட நிகழ்வு' இருக்கிறது.