கரைந்த கொழுப்பு எந்த வழியாக வெளியே போகிறது?

அக்கா வீட்டுக்காரர் சோற்றை விட்ட ஏழாம் நாள் காலையில் போன் செய்தார். "தம்பி, மூணு கிலோ இறங்கிடுச்சுப்பா!" அத்தான் அப்போது 92 கிலோ. இட்லி, தோசை, சோறு, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முட்டை, மீன், கீரை, தேங்காய் என்று மாறியிருந்தார். இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டால் மறுநாள் பதினொரு மணிவரை வெறும் தண்ணீரும் கடுங்காபியும்தான். சாயங்காலம் ஒரு மணி நேர நடை. இரண்டாம் வாரம் போன் வரவில்லை. நானே கேட்டேன். அரைக் கிலோதானாம். "மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார்.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. முதல் வாரம் அவர் உடம்பை விட்டுப் போனதில் பெரும்பகுதி தண்ணீர்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் சேர்கிறது. உடனே செலவாகாததில் ஒரு பங்கைக் கிளைக்கோஜனாக மாற்றி உடம்பு சேமிக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். மொத்தத்தையும் எரித்தால் 2,000 கிலோகலோரி கிடைக்கும், ஒரு நாள் பாட்டுக்குக் காணும். விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தியதும் இந்தக் கையிருப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் கிளம்பிவிடுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது சுரக்கும் ஹார்மோன் இன்சுலின், சோற்றை நிறுத்தினால் அதுவும் குறையும். இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியேற்றும், உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும். முதல் வாரத்தில் வரும் தலைவலி, அசதி, கெண்டைக்கால் பிடிப்பு இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் இதுதான் காரணம். பலருக்கு உப்புப் போட்ட சூப் ஒரு கிண்ணம் குடித்தாலே சரியாகிவிடுகிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் அத்தான் இலை போட்டு இரண்டு வேளை சாப்பிட்டார். மறுநாள் காலை இரண்டு கிலோ ஏறியிருந்தது. அந்த இரண்டு கிலோவும் கொழுப்பாக இருக்க வேண்டுமென்றால், தேவைக்கு மேல் 15,000 கிலோகலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது ஆகிற காரியமில்லை. வந்ததும் அதே தண்ணீர்தான்.

சரி, கொழுப்புக்கு வருவோம். கிளைக்கோஜன் சட்டைப்பையில் இருக்கும் சில்லறை என்றால், கொழுப்பு வங்கியில் போட்ட வைப்புத்தொகை. உடம்பில் 15 கிலோ கொழுப்பு இருந்தால் அதில் ஒரு லட்சம் கிலோகலோரிக்கு மேல் கிடக்கிறது. அதை எடுக்கவிடாமல் பிடித்து வைப்பது இன்சுலின். கொழுப்புச் செல்லுக்குள் இருக்கும் லைப்பேஸ் நொதிகள்தாம் கொழுப்பை உடைத்து ரத்தத்தில் விடவேண்டும். இன்சுலின் கொஞ்சம் ஏறினாலும் அவை அடங்கிவிடும். காலையில் சர்க்கரை போட்ட காபி, பதினொரு மணிக்கு பிஸ்கட், சாயங்காலம் பஜ்ஜி, இரவு பத்து மணிக்குத் தோசை என்று ஓடும் நாளில் இன்சுலின் முழுதாக இறங்க நேரமே இல்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலின் குறைவாக ஏறுகிறது. விரதம் இருந்தால் இறங்குவதற்கு அவகாசம் கிடைக்கிறது. நம் வீடுகளில் ஒருபொழுது இருந்த பாட்டிகளுக்கும் உள்ளே நடந்தது இதுதான். ஏகாதசிக்குச் சோற்றை மட்டும் தவிர்த்து ரவை உப்புமாவை ஒரு கட்டு கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள்.

அத்தானைப் போல மாவுச்சத்தைத் தள்ளிவைத்துச் சாப்பிடும் பேலியோ முறையின் அன்பர்கள் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள், இன்சுலினை இறக்கினால் போதும், நெய்யும் தேங்காயும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. எடுத்த பணத்தை அன்றைக்கே திரும்பக் கட்டினால் வங்கி இருப்பு எப்படிக் குறையும்? ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்டனர் குழு 609 பேரை இரண்டு பிரிவாக்கி ஒரு வருடம் கவனித்து 2018-இல் முடிவை வெளியிட்டது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இளைத்திருந்தார்கள். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் சிலர் மளமளவென்று இளைத்தார்கள், சிலருக்கு எடை கூடியே விட்டது.

பிறகு ஏன் பலருக்கு இந்த முறை பலிக்கிறது? பசி அடங்குவதால் என்பதுதான் என் எண்ணம். முட்டையும் மீனும் தரும் புரதம் வயிற்றை நெடுநேரம் நிறைவாக வைத்திருக்கும். அதோடு அரிசி, மைதா, சர்க்கரை மூன்றையும் தள்ளிவைத்தால் டீக்கடை கண்ணாடிப் பெட்டியில் நமக்கென்று ஒன்றும் மிஞ்சாது. கொறிப்பது தானாகவே நின்றுவிடும்.

மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் அடக்கினால் (100 கிராம் சோற்றிலேயே 28 கிராம் இருக்கிறது) இரண்டு மூன்று நாளில் இன்னொரு ஏற்பாடு தொடங்கும். மூளைக்கு நாளொன்றுக்கு சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பு அமிலங்களை அது எரிபொருளாக ஏற்பதில்லை என்றே சொல்லலாம். அதனால் கல்லீரல் அவற்றைக் கீட்டோன்களாக மாற்றி அனுப்புகிறது. வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவர்களை 1960-களில் பாஸ்டனில் ஆராய்ந்த ஜார்ஜ் காஹில், மூளையின் எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கீட்டோன்களிலிருந்தே வருவதைக் கண்டார். கீட்டோன் வகைகளில் ஒன்று அசிட்டோன். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் இருப்பதும் அதுதான். மூன்றாம் நாள் அத்தானின் மூச்சில் அந்த வாடை அடித்ததாக அக்கா புகார் சொன்னாள்.

விரதத்தின் எல்லை எதுவரை என்பதற்கு ஸ்காட்லாந்துக்காரர் ஆங்கஸ் பார்பியரியைச் சொல்வார்கள். 207 கிலோ எடையோடு 1965-இல் டண்டீ நகர மருத்துவமனை ஒன்றின் கண்காணிப்பில் உண்ணாவிரதம் தொடங்கினார். வைட்டமின்கள், தாது உப்புகள், தண்ணீர், டீ, காபி இவற்றோடு 382 நாள் இருந்து 82 கிலோவுக்கு வந்தார். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது 89 கிலோ. அதே காலத்தில் இப்படி நீண்ட விரதத்தில் வைக்கப்பட்ட வேறு நோயாளிகள் சிலர் இறந்தும் போனார்கள். மருத்துவர்கள் இந்த முறையைக் கைவிட்டதற்கு அது ஒரு காரணம். நமக்குப் பதினாறு மணி நேரம் தாராளம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் அதையும் தாங்களாகத் தொடங்கக்கூடாது, சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை என்றால் சர்க்கரை அளவு சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும்.

அப்புறம், தலைப்பில் கேட்ட கேள்வி. அத்தானிடம் கேட்டபோது "வேர்வையாப் போகும், இல்லேன்னா சூடா மாறிடும்" என்றார். ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் டாக்டர்கள், உணவு ஆலோசகர்கள், உடற்பயிற்சியாளர்கள் என 150 பேரிடம் இதையே கேட்டார்கள். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆற்றலாகவோ சூடாகவோ மாறுகிறது என்றார்கள். ஆற்றல் வெளிப்படுவது உண்மைதான். ஆனால் அணுக்கள் எங்கே போயின? நம் உடம்பின் கொழுப்பு மூலக்கூறு ஒன்றில் சராசரியாக 55 கார்பன், 104 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள். அது ஆக்சிஜனோடு எரிந்தால் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும். இருவரும் 2014-இல் வெளியிட்ட கணக்குப்படி 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிச் சிறுநீர், வேர்வை, மூச்சு எனப் பல வழிகளில் வெளியேறுகிறது. அதாவது நாம் இளைப்பது பெரும்பாலும் மூக்கு வழியாக.

இதைச் சொன்னதும் அத்தான் வேக வேகமாக மூச்சு விட்டுக் காட்டினார். அப்படிச் செய்தால் தலைதான் சுற்றும். செல்லுக்குள் எரிந்தால்தான் மூச்சில் விடுவதற்குச் சரக்கு இருக்கும். எரிக்க வைப்பது தசை.

ஆனால் நடையின் கணக்கு கொஞ்சம் ஏமாற்றம் தரும். 90 கிலோ ஆள் ஐந்து கிலோமீட்டர் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாக 200 முதல் 250 கிலோகலோரி செலவாகும். கொழுப்பில் 30 கிராம். திரும்பும் வழியில் இரண்டு மெதுவடையும் ஒரு காபியும் உள்ளே போனால் தீர்ந்தது. பத்தாயிரம் அடி என்ற இலக்கும் ஆராய்ச்சியில் பிறந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவு கருவிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள், அந்த எண் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது.

நடைக்கு வேறொரு குணம் உண்டு. தசை சுருங்கி விரியும்போது குளுக்கோஸை உள்ளே இழுக்கும் வாயில்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே. சாப்பிட்ட கையோடு பதினைந்து நிமிடம் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் உச்சம் தணிகிறது. அதனால் அத்தான் நடையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டார். அந்த நேரத்துக்கு வடைக்கடையும் மூடியிருக்கும்.